அழாத குழந்தை தேறிவிட்டாள் என்று கொள்ளலாமா?

கேள்வி: என் தங்கை இறந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. அவளுடைய ஆறு வயது மகள் இப்போது எங்களோடு இருக்கிறாள். அழுவதில்லை, அடம் பிடிப்பதில்லை. ஆனால் இரவில் படுக்கையை நனைக்கிறாள், “அம்மா எப்ப வருவாங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். விரைவில் பள்ளியையும் மாற்ற வேண்டியிருக்கிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: படுக்கையை நனைப்பதைவிட அவள் அடம் பிடிக்காமல் இருப்பதையே நான் அதிகம் கவனிப்பேன். 1950களில் பிரிட்டிஷ் குழந்தை உளவியல் ஆய்வாளர்களான ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பௌல்பியும், மருத்துவமனையில் பெற்றோரைப் பிரிந்திருந்த சிறு குழந்தைகள் முதலில் அழுது எதிர்ப்பதையும், பிறகு சோர்ந்துபோவதையும், கடைசியில் பற்று விட்டதுபோல் அமைதியாவதையும் பதிவு செய்தார்கள். அந்த அமைதியைத்தான் பெரியவர்கள் ‘பழகிவிட்டது’ என்று தவறாகப் புரிந்துகொண்டார்கள். உங்கள் தங்கை மகள் அந்தக் குழந்தைகளைவிடப் பெரியவள், நேர்ந்ததும் வேறு. ஆயினும், அடம் பிடித்தால் இந்த வீடும் போய்விடுமோ என்ற அச்சத்தில் அவள் அடங்கியிருக்கலாம். ஆகவே “நல்ல பிள்ளை, அழவே மாட்டாள்” என்று அவள் காதுபடப் பாராட்டாதீர்கள்.

இறந்தவர் திரும்ப வரமாட்டார் என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் மெல்லப் புரியத் தொடங்குகிறது. எனவே அதே கேள்வி மீண்டும் வருவது இயல்பு. “ஊருக்குப் போயிருக்கிறார்”, “தூங்குகிறார்” என்று மழுப்பினால், காத்திருப்பாள் அல்லது தூங்கவே பயப்படுவாள். “அம்மா இறந்துவிட்டார். அவருடைய உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. இனி வர முடியாது. நீ எதுவும் செய்ததால் இப்படி ஆகவில்லை” என்று ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே சொற்களில் சொல்லுங்கள். கடைசி வாக்கியம் அவசியம், ஏனெனில் தன் கோபமோ குறும்போதான் காரணம் என்று இந்த வயதில் எளிதில் நம்பிவிடுவார்கள். சொல்லும்போது உங்களுக்கு அழுகை வந்தால் மறைக்க வேண்டியதில்லை.

பள்ளி மாற்றத்தைத் தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடுங்கள். முடியாதென்றால் முன்கூட்டியே அழைத்துச் சென்று, வகுப்பறையோடு கழிப்பறையையும், மாலையில் நீங்கள் வந்து நிற்கப்போகும் இடத்தையும் காட்டுங்கள். தாமதமானால் யார் வருவார் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். தாயின் உடையை வைத்துக்கொண்டு உறங்கினால், வாசனை போய்விடும் என்பதால் துவைக்க அவசரப்படாதீர்கள்.

படுக்கை நனைவதற்குத் திட்ட வேண்டாம். நீர்புகா விரிப்பு போதும். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அளவுக்கு மீறிய தாகம், எடை குறைதல் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். உறக்கமும் உணவும் விளையாட்டும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் குழந்தை மனநல நிபுணரை நாடுங்கள். “அம்மாகிட்ட போகணும்” என்று அவள் சொன்னால், அது பெரும்பாலும் ஏக்கம்தான் என்றாலும், எப்படிப் போக நினைக்கிறாள் என்று பதறாமல் கேளுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகச் சொன்னால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.