கிராஃபீன் பேட்டரியில் கிராஃபீன் எங்கே இருக்கிறது?

வணக்கம் ஐயா,

பதினெட்டு வருடமாக இன்வெர்ட்டர், பேட்டரி கடை வைத்திருக்கிறேன். இப்போது 'கிராஃபீன் பேட்டரி' என்று ஸ்டிக்கர் ஒட்டிய சரக்கு வருகிறது. 'இது நிஜமா, ஏமாற்றா?' என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். 2010-இல் கிராஃபீனுக்காக நோபல் பரிசு கொடுத்தபோது, சிலிக்கானின் இடத்தை அது பிடித்துவிடும் என்று நீங்கள் எழுதியதை வெட்டி வைத்திருந்தேன். இன்னும் போனுக்குள் சிலிக்கான்தான் இருக்கிறது. கிராஃபீன் என்னதான் ஆனது? நான் என்ன பதில் சொல்ல?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

அந்தக் கட்டுரையில் நான் தவறு செய்தேன். கிராஃபீன் என்பது ஒரே ஓர் அணு கனமுள்ள கரி அடுக்கு. அதில் எலெக்ட்ரான் சிலிக்கானைவிடப் பல மடங்கு சுலபமாக ஓடும் என்று எழுதியது சரி. ஆனால் போன் சிப்புக்குள் வேலை செய்யும் டிரான்சிஸ்டர் ஒரு சுவிட்ச். ஓடவிடுவது பாதி வேலை, நிறுத்துவது மீதி வேலை. சிலிக்கானில் எலெக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி ஒன்று உண்டு, சுமார் 1.1 எலெக்ட்ரான்வோல்ட். அதனால்தான் அதை ஆஃப் செய்ய முடிகிறது. கிராஃபீனில் அந்த இடைவெளியே கிடையாது. இது அப்போதே தெரிந்த விஷயம், நான்தான் ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டேன். மாலிப்டினம் டைசல்பைடு போன்ற, இடைவெளி உள்ள வேறு மெல்லிய அடுக்குகளை வைத்துத்தான் இப்போது அந்த முயற்சி நடக்கிறது.

சரி, கிராஃபீன் என்ன என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். பென்சிலால் தாளில் அழுத்தித் தேய்த்து, அதன்மேல் செல்லோடேப்பை ஒட்டி உரியுங்கள். கறுப்பு டேப்போடு வரும். டேப்பை மடித்து ஒட்டித் திரும்பப் பிரித்தால் கறுப்பு இரண்டு பக்கமும் பங்காகி வெளுக்கும். பென்சிலுக்குப் பதில், பென்சிலுக்குள் இருக்கும் கரிப்பொருளான கிராஃபைட்டைச் சுத்தமாக எடுத்து, மான்செஸ்டரில் அந்த நோபல் பரிசை வாங்கிய ஆந்த்ரே கைமும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் செய்தது இதைத்தான். 2004-இல் கட்டுரை வெளிவந்தது. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கிராஃபைட்டில் ஏறக்குறைய 30 லட்சம் அடுக்குகள் இருக்கின்றன. அதில் ஒரே ஓர் அடுக்கைக் கண்ணால் எப்படிப் பார்த்தார்கள்? 300 நானோமீட்டர் ஆக்சைடு படிந்த சிலிக்கான் தகட்டின்மேல் அது கிடந்தால், ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறம் லேசாக மாறுகிறது. சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே தெரிந்துவிடும். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

அந்த அடுக்கில் எலெக்ட்ரானுக்கு மேலேயும் கீழேயும் வழியில்லை, இரண்டு பரிமாணத்தில்தான் நடமாட்டம். அடுக்கைச் சுருட்டினாற்போல் இருப்பது கார்பன் நானோகுழாய், அதில் ஒரு பரிமாணம். வேறு பொருள்களில், எல்லாத் திசையும் அடைபட்ட குட்டி மணிக்குக் குவாண்டம் புள்ளி என்று பெயர். மணியின் அளவு மாறினால் அதன் நிறமே மாறும். கியூஎல்இடி டிவியில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இனி உங்கள் சரக்குக்கு வருகிறேன். ஒரு கிராம் கிராஃபீனின் இரு பக்கப் பரப்பு கணக்குப்படி 2630 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 12 கிரவுண்ட். மின்னூட்டத்தைப் பரப்பில் சேர்த்துவைக்கும் சூப்பர்கெபாசிட்டர் செய்பவர்களுக்கு இது பெரிய ஆசை. ஆனால் ஈர அப்பளத்தை அடுக்கி வைத்தால் ஒட்டிக்கொள்வது போல, உலரும்போது இந்த அடுக்குகள் சேர்ந்து மறுபடி கிராஃபைட் ஆகப் பார்க்கின்றன. அந்தப் பரப்பு முழுவதும் கைக்கு வருவதில்லை.

லித்தியம் பேட்டரியில் நானோ சரக்குக்கு உண்மையான வேலை இருக்கிறது. பாசிட்டிவ் பக்கத்துப் பொருள் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதனால் கரித்தூள் கலந்து, மாவு போலக் கரைத்து, அலுமினியத் தாளில் பூசுவார்கள். கரித்தூள் உருண்டை உருண்டையாக இருப்பதால், ஒன்றையொன்று தொட்டு வழி உண்டாக நிறைய போட வேண்டும். நானோகுழாயோ இடியாப்ப நூல் மாதிரி நீளம், கொஞ்சம் போட்டாலே மூலைக்கு மூலை இணைத்துவிடும். மிச்சமாகும் இடத்தில் லித்தியம் சரக்கைக் கூடுதலாக வைக்கலாம்.

ஈய பேட்டரியின் நெகட்டிவ் தகட்டில் கரி சேர்ப்பதும் பழைய வழக்கம்தான். அரைகுறை சார்ஜில் கிடக்கும்போது தகட்டில் சல்பேட் இறுகுவதை அது குறைக்கிறது, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதில் கிராஃபீன் சேர்ப்பதும் இந்த நோக்கத்தில்தான். ஆயுள் கொஞ்சம் கூடலாம். ஆனால் மின்சாரத்தைச் சேமித்து வைப்பது ஈயம்தான், கிராஃபீன் இல்லை. அதை மறைத்து, 'கிராஃபீன் பேட்டரி' என்று மட்டும் பெரிதாக அச்சடிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வாடிக்கையாளர் கேட்டால் பேட்டரியைத் தராசில் ஏற்றுங்கள். வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கி, கிலோவால் வகுங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி 55 கிலோ இருந்தால், கிலோவுக்கு 33 வாட்-அவர் வரும். 30-இலிருந்து 40-க்குள் என்றால் அது ஈயம், மேலே என்ன ஸ்டிக்கர் இருந்தாலும் சரி. நூறைத் தாண்டினால் லித்தியம். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி, ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்துவிடுங்கள்.