மசாஹிகோ ஹராடா உண்மையில் சாம்பியனா, கோட்டைவிட்டவரா?

இரண்டும்தான். பனிச்சரிவில் சறுக்கி வந்து தூரமாகத் தாவும் ஸ்கீ ஜம்பிங்கில் 1993, 1997 ஆண்டுகளில் உலகச் சாம்பியன். ஆனால் ஜப்பானியர்கள் மறக்காதது 1994 லில்லெஹாமர் ஒலிம்பிக்கை. குழுப் போட்டியில் தங்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கடைசியாகத் தாவிய ஹராடா 97.5 மீட்டரிலேயே இறங்கிவிட, தங்கம் ஜெர்மனிக்குப் போனது. பனியிலேயே குந்திவிட்டார் மனிதர்.

1998 நாகானோ ஒலிம்பிக், சொந்த மண், மறுபடி குழுப் போட்டி. கொட்டும் பனியில் முதல் தாவலில் 79.5 மீட்டர். பழைய கதைதானா என்று பார்த்தவர்களுக்கு வயிறு கலங்கியிருக்கும். இரண்டாவது தாவலில் 137 மீட்டர்! கடைசி வீரர் ஃபுனாகி தாவும்போது ஹராடா கீழே நின்று, அழுகையும் சிரிப்புமாக அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கம் கிடைத்தது.

2006 டூரின் ஒலிம்பிக்கில், உடல் எடைக்கு ஸ்கீ நீளம் அதிகம் என்று தகுதிநீக்கம். அதுவும் ஹராடாவுக்குத்தான் நடக்கும்.