தன்பாலினத் திருமணமா, சிவில் யூனியனா? கேட்டவர்களுக்குப் பதில்

தன்பாலினத் தம்பதிகளுக்குத் திருமண உரிமையே வேண்டுமா, சிவில் யூனியன் (திருமணம் என்று பெயரிடாமல் இணையராகச் சட்டப்படி பதிவு செய்வது; சில நாடுகளில் இணையர் பதிவு, சிவில் பார்ட்னர்ஷிப் என்பார்கள்) போதாதா? இதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். குடும்பச் சட்டம்தான் என் படிப்பு, பல நாட்டுத் தீர்ப்புகளைப் படிப்பதுதான் என் அன்றாட வேலை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். என் நிலைப்பாட்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவில் யூனியன் எல்லோருக்கும் கிடைக்கும் இன்னொரு வழியாக இருந்தால் நல்லது. திருமணத்தை மறுத்துவிட்டு அதற்குப் பதிலாக ஒரு சாராருக்கு மட்டும் கொடுப்பது என்றால், அதை எதிர்க்கிறேன்.

கவிதா: அக்கா, இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்? எனக்கு அடிப்படையே புரியவில்லை.

திருமணம் பதிவானதும், கணவன் மனைவியைப் பற்றிப் பேசும் எல்லாச் சட்டங்களும் உங்களுக்குத் தானாகப் பொருந்திவிடும். வாரிசுரிமை, வரி, ஓய்வூதியம், விசா, மருத்துவ முடிவு எதற்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டியதில்லை. சிவில் யூனியன் புதிதாக எழுதப்படும் சட்டம். அதை எழுதியவர்கள் எதைச் சேர்த்தார்களோ அதுதான் கிடைக்கும்.

அதனால் நாட்டுக்கு நாடு அது வேறுபடும். 1989இல் டென்மார்க் உலகிலேயே முதன்முதலாகத் தன்பாலின இணையர் பதிவைக் கொண்டுவந்தது. பெரும்பாலான உரிமைகள் இருந்தன, தத்தெடுப்பு இல்லை. 1999இல் பிரான்ஸ் கொண்டுவந்த 'பாக்ஸ்' ஓர் ஒப்பந்தம் மாதிரி. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மற்றவருக்குச் சொத்து வராது, கணவன் மனைவிக்குக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியமும் கிடையாது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2000இல் கொண்டுவந்ததோ, மாநிலச் சட்டப்படி திருமணத்துக்கு உள்ள அத்தனையையும் கொடுத்தது. சிவில் யூனியன் என்று யாராவது சொன்னால், எந்த ஊர்ச் சட்டம் என்று முதலில் கேளுங்கள்.

மணிவண்ணன்: எல்லா உரிமையும் சமம் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால் அப்புறம் பெயருக்காக ஏன் சண்டை?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள், அதனால் ஊகிக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 2006இல் மாநில உச்ச நீதிமன்றம், தன்பாலினத் தம்பதிகளுக்குச் சம உரிமை கொடுத்தே ஆக வேண்டும், பெயரைச் சட்டமன்றம் முடிவு செய்யட்டும் என்றது. 2007 பிப்ரவரியில் சிவில் யூனியன் நடைமுறைக்கு வந்தது. காகிதத்தில் குறை சொல்ல முடியாத சட்டம். நடைமுறையில் எப்படிப் போகிறது என்று பார்க்க ஓர் ஆணையமும் அமைத்தார்கள். 2008 டிசம்பரில் அந்த ஆணையம் ஒருமனதாகச் சொன்னது: இது வேலை செய்யவில்லை, திருமணத்தையே கொடுங்கள்.

ஏன்? அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கிறீர்கள். "நீங்கள் இவருக்கு யார்?" என்று கேட்கிறார்கள். "மனைவி" என்றால் உள்ளே விட்டுவிடுவார்கள். "சிவில் யூனியன் இணையர்" என்றால், அது என்ன என்று விளக்க வேண்டும், காகிதம் காட்ட வேண்டும், மேலதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட அனுபவங்களைத்தான் மக்கள் ஆணையத்தின் முன் வந்து சொன்னார்கள். சில நிறுவனங்கள், எங்கள் காப்பீட்டுத் திட்டம் மத்தியச் சட்டத்தின் கீழ் வருகிறது, சிவில் யூனியன் எங்களுக்குப் பொருந்தாது என்று கைவிரித்தன.

பிறகு 2013இல் எடித் வின்ட்சர் என்ற பெண்ணின் வழக்கு. கனடாவில் திருமணம் செய்துகொண்ட அவருடைய மனைவி 2009இல் இறந்தபோது, மத்திய அரசு அந்தத் திருமணத்தை ஏற்காததால் 3,63,053 டாலர் வாரிசு வரி கட்ட வேண்டி வந்தது. இறந்தவர் ஓர் ஆணாக, கணவராக இருந்திருந்தால் அந்த வரியே கிடையாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வின்ட்சர் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குப் பின் மத்திய அரசு தன்பாலினத் திருமணங்களை ஏற்றது. சிவில் யூனியன்களை ஏற்கவில்லை. பக்கத்து நியூயார்க்கில் திருமணம் செய்தவர்களுக்குக் கிடைத்தது, நியூ ஜெர்சியில் "சம உரிமை" பெற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை! கடைசியில் நீதிமன்ற உத்தரவால் 2013 அக்டோபர் 21 முதல் அங்கேயும் திருமணம் வந்தது.

ஒரு சட்டமன்றம் தன் சட்டத்தைத்தான் எழுத முடியும். திருமணத்தை நம்பி மற்றவர்கள் எழுதிவைத்த விதிகளை அதனால் மாற்ற முடியாது. பெயர் பற்றிய சண்டையாகத் தெரிவதன் அடியில் இருப்பது இதுதான்.

ஜான்: படிப்படியாகப் போனால் என்ன? முதலில் சிவில் யூனியன், சமூகம் பழகியதும் திருமணம்.

பல நாடுகள் அப்படித்தான் போயின, மறுக்கவில்லை. நெதர்லாந்தில் 1998இல் இணையர் பதிவு, 2001இல் திருமணம். பிரிட்டனில் 2005, பிறகு 2014. முதல் படி மக்களின் பயத்தைக் குறைத்தது என்பதையும் ஏற்கிறேன்.

ஆனால் அந்த இடைக்காலத்தில் வாழ்ந்தவர்களை யோசியுங்கள். ஜெர்மனியில் 2001இல் இணையர் பதிவு வந்தது. அதன் பிறகு சமத்துவம் தவணை முறையில்தான் வந்தது, ஒவ்வொரு தவணைக்கும் யாராவது அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. வாழ்க்கைத் துணைக்கான ஓய்வூதியத்துக்கு 2009. வாரிசு வரிக்கு 2010. துணைவர் தத்தெடுத்த குழந்தையைத் தானும் தத்தெடுக்க 2013 பிப்ரவரி. வருமான வரிக்கு அதே ஆண்டு மே. திருமணம் வந்தது 2017இல். பன்னிரண்டு வருடம் வழக்கு நடத்தப் பணமோ ஆயுளோ இல்லாதவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

முதல் படியிலேயே நின்றுவிடுவதும் உண்டு. இத்தாலி 2016இல் சிவில் யூனியன் கொடுத்தது, திருமணம் இன்னும் வரவில்லை. தாய்லாந்து வேறு மாதிரி. அங்கேயும் இணையர் பதிவு மசோதாவை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் பேசினார்கள், கடைசியில் அந்தப் படியைத் தாண்டி நேராகத் திருமணச் சமத்துவத்துக்கே போய்விட்டார்கள். 2025 ஜனவரி 23 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

ஃபாத்திமா: என் மார்க்கத்தில் திருமணம் புனிதமானது. சட்டம் வந்தால் மதகுருமார்களைக் கட்டாயப்படுத்த மாட்டார்களா?

உங்கள் கவலையை மதிக்கிறேன் சகோதரி. அரசு பதிவு செய்யும் திருமணம் வேறு, மதச் சடங்கு வேறு. இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டம், எந்த மத அமைப்பையும் குருவையும் கட்டாயப்படுத்த முடியாது என்று வெளிப்படையாகவே எழுதியது. அது சரியான பாதுகாப்பு, நானும் அதன் பக்கம்தான்.

அரசுச் சம்பளம் வாங்கும் பதிவாளர் விஷயம் அப்படியில்லை. தென்னாப்பிரிக்காவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் அரசு அலுவலர்களும் மனசாட்சியைக் காரணம் காட்டி மறுக்கலாம் என்றது, அந்தப் பிரிவை 2020இல் நீக்கினார்கள். நீக்கியதுதான் சரி. அவர் உட்கார்ந்திருப்பது எல்லோருடைய வரிப்பணத்தில் நடக்கும் அலுவலகம்.

பெயர் வேண்டாம்: நானும் என் தோழியும் பல வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். எங்களுக்குத் திருமணம் என்ற அமைப்பே பிடிக்காது. போராட்டம் முழுக்க அதற்காகவே நடப்பது மாதிரி இருக்கிறது.

உங்கள் குரல் இந்த விவாதத்தின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. பெண்ணைச் சொத்தாக நடத்திய ஓர் அமைப்புக்குள் நாம் ஏன் போக வேண்டும் என்று கேட்டவர்கள் இயக்கத்துக்குள்ளேயே நிறைய பேர். அதில் உண்மை இருக்கிறது. பிரான்ஸில் இன்று பாக்ஸ் பதிவு செய்பவர்களில் நூற்றுக்கு 90க்கு மேல் ஆண் பெண் ஜோடிகள். பிரிட்டனில் ஓர் ஆண் பெண் ஜோடி, எங்களுக்கும் சிவில் பார்ட்னர்ஷிப் வேண்டும் என்று வழக்குப் போட்டு 2018இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. 2019 டிசம்பர் 31 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் யாருக்கும் இரண்டு வழியும் உண்டு. நான் கேட்பதும் அதைத்தான். வேண்டாம் என்று நீங்கள் ஒதுக்குவது வேறு, உனக்குக் கிடையாது என்று சட்டம் ஒதுக்குவது வேறு.

ஒன்று மட்டும் செய்யுங்கள். உயில் எழுதி வையுங்கள். உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதித்தால், மருத்துவ முடிவெடுக்கும் அதிகாரத்தையும் ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

ரமேஷ்: குழந்தைகள் விஷயத்தில்?

சமரசம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது இதுதான். இத்தாலியில் மசோதா நிறைவேற வேண்டும் என்பதற்காகத் துணைவரின் குழந்தையைத் தத்தெடுக்கும் பிரிவை எடுத்துவிட்டார்கள். இப்படி வெட்டினால், இரண்டு பேர் வளர்க்கும் குழந்தைக்குச் சட்டத்தின் கண்ணில் ஒரு பெற்றோர்தான் என்றாகிவிடலாம். அந்த ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், கூடவே இருந்து வளர்த்தவர் அந்நியர் ஆகிவிடலாம். அதற்காகத் திருமணம் என்றாலே எல்லாம் சரி என்றும் நினைக்காதீர்கள். போர்ச்சுகல் 2010இல் திருமணத்தைக் கொடுத்தது, தத்தெடுப்பை 2016 வரை கொடுக்கவில்லை.

சுதா: வேறு நாட்டுக்குக் குடிபோனால் செல்லுமா?

திருமணத்துக்கு வாய்ப்பு அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தில், போய்ச் சேரும் நாடு இணையர் பதிவைத் திருமணத்துக்குச் சமமாக நடத்தினால்தான் பதிவு செய்த இணையர், கூடவே குடியேறும் உரிமையுள்ள குடும்ப உறுப்பினராகக் கருதப்படுவார். வாழ்க்கைத் துணைக்கு அந்த நிபந்தனை இல்லை, அது தன்பாலினத் துணைக்கும் பொருந்தும் என்று 2018இல் ருமேனியா சம்பந்தப்பட்ட வழக்கில் ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. பிரிவதுகூடச் சிக்கல்தான். வெர்மான்ட்டில் செய்துகொண்ட சிவில் யூனியனை முடித்துவைக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை என்று கனெக்டிகட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் சொல்லிவிட்டது.

அருண்: இந்திய உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

2023 அக்டோபர் 17 தீர்ப்பு. திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள். சிவில் யூனியன் உரிமை உண்டு என்று இருவர், இல்லை என்று மூவர். ஆக, இரண்டுமே கிடைக்கவில்லை. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகின. இனி நாடாளுமன்றம்தான்.

லதா: ஏற்கெனவே சிவில் யூனியனில் இருப்பவர்கள், திருமணச் சட்டம் வந்தால் என்ன செய்வது?

அது அந்தந்தச் சட்டத்தைப் பொறுத்தது. ஜெர்மனியில் புதிய பதிவை நிறுத்திவிட்டார்கள், பழையது செல்லும், விரும்பினால் திருமணமாக மாற்றிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் மாற்றிக்கொண்டால், முதலில் பதிவு செய்த நாளிலிருந்தே திருமணம் ஆனதாகக் கணக்கு. உங்கள் நாட்டில் எந்தத் தேதி கணக்கில் வரும் என்று பதிவு அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் சிவில் பார்ட்னர்ஷிப் வந்த 2005 டிசம்பருக்கு முந்தைய பணிக்காலத்தைத் துணைவரின் ஓய்வூதியத்தில் சேர்க்காமல் விட்டதால், ஓர் ஊழியர் 2017இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் தன் கணவருக்கு முழு ஓய்வூதிய உரிமையை வாங்கிக் கொடுத்தார்.