வயலூர் நிலமும் 29,000 பவுண்டும்

அன்புள்ள ஐயா,

வரதட்சணை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நான் இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் கேரராக இருக்கிறேன். பதினொரு வயதில் அப்பா அம்மாவுடன் இங்கே வந்தவள், பிரிட்டிஷ் குடியுரிமை உண்டு. போன தை மாதம் திருச்சியில் திருமணம். கணவர் அங்கே ஒரு தனியார் நிறுவனத்தில் இன்ஜினியர், நல்ல சம்பளம். ஆனால் அவரை இங்கே அழைக்கும் விசாவுக்கு என் சம்பளத்தைத்தான் பார்ப்பார்களாம். வருடம் 29,000 பவுண்டு காட்ட வேண்டும். எனக்கு வாரம் 37.5 மணி நேரம் வேலை, மொத்தம் 24,000 வருகிறது.

ஒரு ஏஜென்ட், "சம்பளம் பத்தாது, 88,500 பவுண்டு பேங்கில் காட்டுங்கள்" என்றார். மாமனார் வயலூர் பக்கம் இருக்கும் நிலத்தை விற்று அனுப்புகிறேன் என்கிறார். என் பெரியப்பா, "நிலத்தை எல்லாம் விற்க வேண்டாம், நாங்கள் நாலு பேர் சேர்ந்து உன் கணக்கில் போடுகிறோம், ஆறு மாதம் கழித்து எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார். அம்மாவுக்கு இரண்டுமே சரி. எனக்குத்தான் உறுத்துகிறது. மாப்பிள்ளை வீட்டுப் பணம் என் கணக்கில் வந்து உட்கார்ந்தால் அது தலைகீழ் வரதட்சணைதானே? கணவருக்கு ஒரு தங்கை இருக்கிறாள், இன்னும் திருமணம் ஆகவில்லை. அவளுக்காக வைத்திருந்த நிலம் அது என்று அத்தை ஒருமுறை சொன்னது காதில் விழுந்தது. நான் என்ன செய்யட்டும்?

ர., லெஸ்டர்

அன்புள்ள ர.,

முதலில் அந்த ஏஜென்டை விடுங்கள். 88,500 என்பது சம்பளமே இல்லாத ஸ்பான்சருக்கான, அதாவது துணையை அழைப்பவருக்கான, தொகை. உங்களுக்குச் சம்பளம் இருக்கிறது.

கணக்கு இப்படி. சேமிப்பில் முதல் 16,000 பவுண்டை விசா அதிகாரிகள் சேர்த்துக்கொள்வதில்லை. அதற்கு மேல் இருப்பதை இரண்டரையால் வகுப்பார்கள், ஏனென்றால் முதல் விசா ஏறத்தாழ இரண்டரை வருடத்துக்கு. உங்களுக்குக் குறைவது வருடம் 5,000. அதை இரண்டரையால் பெருக்கினால் 12,500. அதோடு 16,000. ஆக 28,500 பவுண்டு. இன்றைய மதிப்பில் முப்பது லட்சம் ரூபாய்க்கு மேல். சின்னத் தொகை இல்லைதான், ஆனால் ஏஜென்ட் சொன்ன ஒரு கோடிக்கும் இதற்கும் ஒரு நிலத்தின் வித்தியாசம் இருக்கிறது.

இன்னொன்று. அந்தப் பணம் உங்கள் கணக்கில்தான் இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. விண்ணப்பிப்பவர் உங்கள் கணவர். அவர் பெயரில், முறையாகக் கண்காணிக்கப்படும் ஒரு வங்கியில், திருச்சியிலேயே இருந்தாலும் போதும். இதில் ஒரு லாபமும் உண்டு. மாமனார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பினால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் வரி வங்கியிலேயே பிடித்துவிடுவார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிசெய்துகொள்ளலாம் என்றாலும், அதுவரை நாலு லட்சம் ரூபாய் முடங்கிக் கிடக்கும். அப்பா மகனுக்கு உள்ளூரிலேயே கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட இருப்பு அந்தத் தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது. ரூபாயில் இருப்பதால் விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தில் பார்ப்பார்கள். ரூபாய் சரிந்துகொண்டே போகும் காலம் இது, இரண்டு மூன்று லட்சம் கூடுதலாக வைப்பது நல்லது.

பெரியப்பாவின் யோசனைக்கு வருகிறேன். நம் ஆட்கள் இருக்கும் ஊரில் எல்லாம் இது நடக்கிறது. சீட்டுப் பிடிப்பதுபோல நாலு வீட்டுப் பணம் ஒரு கணக்கில் ஏறும், வேலை முடிந்ததும் இறங்கும். விதிப்படி அந்தப் பணம் அன்பளிப்பாக இருக்கலாம், கடனாக இருக்கக் கூடாது. "இதைத் திருப்பிக் கேட்க மாட்டேன்" என்று பெரியப்பா கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றையும் வழக்கமாக இணைப்பார்கள். அவர் போடுவார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது பொய். பொய் ஆவணம் என்று முடிவானால் மறுப்பு மட்டுமல்ல, உங்கள் கணவரின் அடுத்த விண்ணப்பங்கள் வரைக்கும் அது பின்னாலேயே வரும். வேண்டாம்.

ஆனால் அந்த யோசனையில் எனக்குக் கோபம் இல்லை. நம் வீடுகளில் அப்பா மகனுக்குக் கொடுப்பது, பெரியப்பா தம்பி மகளுக்குக் கொடுப்பது எல்லாம் அன்பளிப்பா, கடனா என்று யாரும் பேசுவதில்லை. பேசினால் மரியாதை இல்லை. பத்து வருடம் கழித்து ஒரு ஆபரேஷனுக்கோ ஒரு காதுகுத்துக்கோ அது வேறு உருவத்தில் திரும்பிப் போகும். இங்கிலாந்தின் உள்துறைக்கு இப்படி ஒரு பணம் இருப்பதே தெரியாது. அன்பளிப்பு அல்லது கடன், இரண்டில் ஒரு கட்டத்தில் டிக் போடு என்கிறது. உங்கள் உறுத்தலில் பாதி இதிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். மாமனார் மனமுவந்து தருகிறார், யாரும் கேட்கவில்லை, கேட்பது அரசாங்கம். அதனால் இது வரதட்சணை இல்லை. ஆனால் இதுவரை சொல்லாமலே நடந்துகொண்டிருந்த ஒன்றை "திருப்பிக் கேட்க மாட்டேன்" என்று எழுதிக் கொடுக்கச் சொல்லும்போது, அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை இருப்பது திடீரென்று கண்ணில் படுகிறது.

அதனால் எனக்கு உங்கள் நாத்தனார் பக்கம்தான் யோசனை ஓடுகிறது. அந்த நிலம் மாமனார் தானே சம்பாதித்து வாங்கியதா, பூர்வீகமா? பூர்வீகம் என்றால் அவளுக்கும் அதில் பங்கு இருக்கலாம். தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை கொடுத்துச் சட்டம் வந்துவிட்டது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. அத்தை சொன்னது உங்கள் காதில் விழுந்ததே, அதை விழாத மாதிரி விட்டுவிடாதீர்கள். கணவரிடம் நேராகச் சொல்லுங்கள். அவர் தங்கையிடம் நேராகக் கேட்கட்டும். அவள் சரி என்றால் ஒரு பேச்சு, இல்லை என்றால் நிலம் அங்கேயே கிடக்கட்டும்.

இந்த விதி நியாயமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1979 ஜனவரியில் தன் வருங்காலக் கணவரைச் சேர ஹீத்ரூ விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு இந்தியப் பெண்ணை, கன்னிதானா என்று உடல் பரிசோதனை செய்து பார்த்த நாடு இது. அந்தச் செய்தி வெளியே வந்து நாறிய பிறகுதான் நிறுத்தினார்கள். அப்புறம், திருமணத்தின் முதல் நோக்கமே இங்கே குடியேறுவது அல்ல என்று தம்பதிதான் நிரூபிக்க வேண்டும் என்று ஒரு விதி. இல்லாத ஒன்றை எப்படி நிரூபிப்பது? 1997-ல் ஆட்சி மாறியதும் எடுத்தார்கள். 2012 ஜூலையில் தெரேசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது இந்த வருமான வரம்பு வந்தது, 18,600 பவுண்டு. அந்த எண்ணுக்காவது ஒரு காரணம் சொன்னார்கள்: அதற்கு மேல் சம்பாதிக்கும் தம்பதி அரசு உதவியில் கை வைக்க மாட்டார்கள் என்று. 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக்கினார்கள், பிறகு 38,700 வரை கொண்டுபோவதாகத் திட்டம் போட்டிருந்தார்கள். இந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன தெரியுமா? திறன் தொழிலாளர் விசாவுக்குத் தகுதியான வேலைகளின் ஊதியக் கணக்கிலிருந்து. ஒரு கம்பெனி வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதும் நீங்கள் உங்கள் கணவரை வீட்டுக்கு அழைப்பதும் ஒரே அளவுகோல்.

2025 ஏப்ரலில் இந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. வாரம் 37.5 மணி நேரம் வருடம் முழுக்க வேலை செய்தால் 23,800 வரும். அதாவது அரசாங்கமே சட்டப்படி போதும் என்று சொல்லும் கூலியில் முழுநேரம் உழைக்கும் ஒருவர், அந்தச் சம்பளத்தை மட்டும் வைத்துத் தன் கணவனையோ மனைவியையோ அழைத்து வர முடியாது. லண்டன் வாடகையும் லெஸ்டர் வாடகையும் ஒன்றா? வரம்பு ஒன்றுதான். உங்கள் கணவர் இங்கே வந்த மறுவாரமே வேலைக்குப் போகலாம், ஆனால் அவர் சம்பாதிக்கப் போவது முதல் விண்ணப்பத்தில் கணக்கில் வராது. 2017 பிப்ரவரியில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், லெபனானிலிருந்து அகதியாக வந்த ஒருவர் உள்ளிட்டோரின் வழக்கில், வரம்பு வைப்பது செல்லும், ஆனால் குழந்தைகளின் நலனைச் சரியாகப் பார்க்கவில்லை என்றது. அதன் பிறகு விதியில் ஒரு சின்ன ஜன்னல் திறந்தார்கள்: மிகக் கடுமையான பாதிப்பு வரும் என்றால் மூன்றாம் நபர் உதவியையும் வரப்போகும் சம்பளத்தையும் பார்க்கலாம். ஆனால் அந்த ஜன்னல் வழியே வந்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு ஐந்து வருடத்துக்குப் பதில் பத்து வருடம். கைக்குழந்தையோ கடும் நோயோ இல்லாத உங்கள் நிலைக்கு அது பொருந்தாது.

பழைய வழி ஒன்று இருந்தது, சுரிந்தர் சிங் வழி என்பார்கள். 1992-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்த ஒரு இந்தியரின் பெயர். பிரிட்டிஷ்காரர் அயர்லாந்திலோ ஜெர்மனியிலோ கொஞ்ச காலம் துணையோடு வாழ்ந்து வேலை பார்த்துவிட்டுத் திரும்பினால் இந்த வருமானப் பேச்சே கிடையாது. பிரெக்சிட்டோடு அதற்கும் பூட்டுப் போட்டாயிற்று. இன்னும் யாராவது டப்ளின் போகச் சொன்னால் நம்பாதீர்கள்.

2025 ஜூனில் அரசு நியமித்த குடிபெயர்வு ஆலோசனைக் குழு, வரம்பு 23,000 முதல் 25,000 வரை இருந்தாலே ஒரு தம்பதி தங்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அறிக்கை கொடுத்தது. அதில் 24,000-க்கு மேல் போகாமல் வைத்திருந்தால் உங்கள் கடிதமே வந்திருக்காது. இதை எழுதும்போது 29,000தான்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது. என் யோசனை: நிலமும் வேண்டாம், பெரியப்பா பணமும் வேண்டாம், ஆறு மாதம் ஓவர்டைம் பாருங்கள். உங்களுக்கு மணிக்கணக்கில் சம்பளம் என்றால், ஒரே முதலாளியிடம் கடந்த ஆறு மாதம் வாங்கிய மொத்தத்தைச் சராசரி எடுத்து வருடத்துக்குக் கணக்கிடுவார்கள். ஆறு மாதத்தில் வரிக்கு முன் 14,500 வந்தால் போதும். உங்கள் கூலிக்கு வாரம் 45, 46 மணி நேரம். இப்போது செய்வதைவிட வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் கூடுதல். பராமரிப்பு இல்ல வேலை எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும், இதைச் சுலபமாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த நெருக்கடி முதல் விசாவுக்கு மட்டும்தான். இரண்டரை வருடம் கழித்து நீட்டிக்கும்போது உங்கள் கணவர் இங்கே சம்பாதிப்பதும் சேரும். ஒரே ஒரு தடவை தாண்ட வேண்டிய வேலிக்காக இன்னொரு பெண்ணின் நிலத்தை ஏன் விற்க வேண்டும்?

காகிதத்தில் கவனம். லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்தார். பே ஸ்லிப்பில் மாதம் 2,450, பிடித்தம் போகக் கைக்கு 2,057. வருடத்துக்கு 29,400, தாராளம். ஆனால் முதலாளி 1,500-ஐ வங்கியில் போட்டுவிட்டு மீதியை உறையில் கொடுப்பார். அந்த உறைப் பணம் வாடகைக்கும் காய்கறிக்கும் போய்விடும். என் சமையலறை மேசையில் பே ஸ்லிப்பையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே வந்தோம், ஒரு மாதம்கூடப் பொருந்தவில்லை. வங்கியில் தெரியும் தொகைதான் கணக்கு என்றால் அவருடைய சம்பளம் 18,000 ஆகிவிடும். அந்த மாதத்திலிருந்து அவர் உறையைப் பிரிக்காமலே போய் 557 பவுண்டை வங்கியில் கட்டிவிட்டு, தேவைக்கு மறுபடி எடுத்தார். ஆறு மாதம் இப்படி ஓட்டித்தான் விண்ணப்பித்தார். மனைவி வந்துவிட்டார்.

உங்களுக்கு இந்தப் பிரச்சினை இருக்காது. இருந்தாலும் ஸ்டேட்மென்ட் விண்ணப்ப நாளுக்கு முந்தைய 28 நாளுக்குள் முடிகிறதா என்று பாருங்கள், எச்.ஆரிடமிருந்து வேலை, சம்பளம், எவ்வளவு காலமாக வேலை என்று கடிதம் வாங்குங்கள். விசா கட்டணம் 2025 ஏப்ரலில் 1,938 பவுண்டாக இருந்தது, அரசு மருத்துவச் சேவைக்கான மருத்துவக் கட்டணம் மூன்று வருடத்துக்கு 3,105. மறுத்தால் மருத்துவக் கட்டணம் திரும்பி வரும், விசா கட்டணம் வராது. அதனால் அரைகுறையாகப் போட்டுப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

நான் வழக்கறிஞர் இல்லை, பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனைத் தொழில் செய்வது இந்த நாட்டில் குற்றம். மேலே எழுதியது எல்லாம் வெளியிடப்பட்ட விதிகளில் இருப்பதுதான். பணம் கட்டும் முன் குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்ற ஒருவரிடமோ ஒரு சொலிசிட்டரிடமோ ஒருமுறை காட்டிவிடுங்கள். அந்த ஏஜென்டிடம் பதிவு எண் கேளுங்கள், என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.

வேலை மாறும் எண்ணம் இருந்தால் இப்போதே மாறிவிடுங்கள். நடுவில் மாறினால் ஆறு மாதத்தை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும்.

அன்புடன்.