இரண்டாம் இடத்திலேயே நிற்கும் மகன்: சோங் டே-நாம் கதையில் பெற்றோர் பார்க்க வேண்டிய பக்கம்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகன் பதினொன்றாம் வகுப்பு. ஜூடோவில் 66 கிலோ பிரிவு. மாவட்டத்தில் முதல் ஆளாக வருகிறான். மாநிலத் தேர்வுப் போட்டியில் ஒரே பையனிடம் திரும்பத் திரும்பத் தோற்று இரண்டாவதாக நிற்கிறான். "போதும், மூட்டை கட்டிவிட்டுப் படிக்கட்டும்" என்கிறார் அவன் அப்பா. அவனோ கொரிய வீரர் சோங் டே-நாமின் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, "இவரும் காத்திருந்துதான் 33 வயதில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்" என்கிறான். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

பையன் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறான். ஆனால் அந்தக் கதையின் ஒரு பக்கத்தை மட்டும் படித்திருக்கிறான். சோங் காத்திருந்தார் என்பது உண்மை. காத்திருந்த அத்தனை வருடமும் அவருக்குச் சோறு போட்டது எது என்பதை நீங்களும் அவன் அப்பாவும் பார்க்க வேண்டும்.

முதலில் அவன் படித்த பக்கத்தையே முழுசாகச் சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக்கில் ஓர் எடைப்பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒரே ஒருவர்தான் போக முடியும். கொரியா போன்ற நாட்டில் இது எவ்வளவு கொடுமையான விதி என்பதற்கு, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு முன் நடந்ததைப் பாருங்கள். 73 கிலோவில் லீ வோன்-ஹீ இருந்தார், 2004 ஏதென்ஸ் தங்கம் வென்றவர். அவரையே உள்நாட்டுத் தேர்வில் வென்றுவிட்டு பெய்ஜிங் போனவர் வாங் கி-சுன். அதே 73 கிலோவில் இவர்கள் இருவருக்கும் பின்னால் கிம் ஜே-பம் என்றொருவர் மாட்டிக்கொண்டிருந்தார். இங்கே வழி கிடைக்காது என்று தெரிந்ததும் 81 கிலோவுக்கு ஏறினார். அந்த 81 கிலோவில்தான் சோங் பல வருடமாக நின்றுகொண்டிருந்தார். 2004-லும் அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. இம்முறை நம் முறை என்று நினைத்திருந்த நேரத்தில், தன்னைவிட ஆறு வயது இளைய கிம் வந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டு பெய்ஜிங் போய் வெள்ளியோடு திரும்பினார்.

சோங் அப்போது மனமுடைந்து சில காலம் ஜூடோவை விட்டே விலகியிருந்தார். திரும்பி வந்தபின்னும் 81 கிலோவில் கிம்தான் முன்னால் நின்றார். முழங்காலில் அறுவை சிகிச்சையும் சேர்ந்துகொண்டது. அதன்பின், முப்பது வயதைக் கடந்த நிலையில், 90 கிலோவுக்கு ஏறினார். 2012 லண்டனில் ஜூலை 31 அன்று கிம் 81 கிலோவில் தங்கம் வென்றார். பெய்ஜிங் இறுதியில் தன்னைத் தோற்கடித்த ஜெர்மானியர் ஓலே பிஷோஃபை இம்முறை இறுதியில் வென்றார். மறுநாள் ஆகஸ்ட் 1 அன்று 90 கிலோ இறுதியில் கியூபாவின் ஆஸ்லி கொன்சாலஸுடன் சோங் மோதினார். ஆட்டம் கோல்டன் ஸ்கோர் வரை, அதாவது முதலில் புள்ளி எடுப்பவரே வெல்லும் கூடுதல் நேரம் வரை போய், சோங் வென்றார். வென்றதும் பயிற்சியாளர் ஜங் ஹுன் முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டார். ஜங் ஹுனும் பதிலுக்குத் தரையில் மண்டியிட்டு அவரை வணங்கினார். இருவரும் சகலைகள்; ஜங் ஹுன் மனைவியின் தங்கையைத்தான் சோங் மணந்திருக்கிறார். அந்தக் காட்சியைப் பார்த்த எந்தப் பையனும் சுவரில் படம் ஒட்டத்தான் செய்வான்.

இனி அவன் படிக்காத பக்கம். லண்டனுக்குப் போகும்போது சோங்கின் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய அணியின் பெயர் இருந்தது: நாம்யாங்ஜு நகராட்சி. சியோலுக்குப் பக்கத்தில் உள்ள ஊர். கொரியாவில் நகராட்சிகளும் பொதுத்துறை நிறுவனங்களும் சம்பளம் கொடுத்து விளையாட்டு அணிகளை வைத்திருக்கின்றன. கிம் ஜே-பம் இருந்தது குதிரைப் பந்தயத்தை நடத்தும் அரசு நிறுவனத்தின் அணியில். ஒவ்வொரு ஆண்டும் நடக்கும் தேசிய விளையாட்டு விழாவில் மாகாணங்கள் புள்ளிக்காகப் போட்டியிடுகின்றன. அதற்கு ஆள் வேண்டும் என்பதால் இந்த அணிகள் நிற்கின்றன. கட்டாய ராணுவ சேவையில் இருப்பவர்கள் விளையாட்டைத் தொடர ராணுவத்துக்கே தனி விளையாட்டுப் பிரிவு உண்டு. ஆக, நாட்டில் இரண்டாவது, மூன்றாவது ஆளாக இருப்பவருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் வரும். சோங்கின் பொறுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பொறுமைக்கு முதுகெலும்பாக ஒரு வேலை இருந்தது என்கிறேன். உங்கள் வீட்டில் நடக்கும் சண்டைக்கு விடை இங்கேதான் இருக்கிறது: மகன் காத்திருக்கலாமா என்பதை முடிவுசெய்யும் முன், எதன் மேல் நின்று காத்திருக்கப் போகிறான் என்பதை முடிவுசெய்யுங்கள்.

நம் ஊரில் அப்படிப்பட்ட நகராட்சி அணிகள் இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் அவன் அப்பா நினைக்க வேண்டாம். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, மத்திய ஆயுதக் காவல் படைகள் போன்றவை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. அதில் ஜூடோவும் உண்டு. இங்கே பெற்றோர் பலர் கவனிக்காமல் விடும் விஷயம் சான்றிதழின் படிவம். மத்திய அரசு ஒதுக்கீட்டுக்கு, நாட்டுக்காக ஆடியிருந்தால் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டில் மாநில அணிக்காக ஆடியிருந்தால் படிவம் 4. மாநிலத் தேர்வில் இரண்டாவதாக வந்து வீட்டிலேயே இருந்தால் இவற்றில் எதுவும் கையில் வராது. இந்தக் கணக்கில் அப்பாவின் கவலை நியாயமானதுதான்.

சரி, அப்படியானால் என்ன செய்வது? சோங்கும் கிம்மும் செய்ததையே யோசிக்கலாம். உங்கள் மகனுக்கு வயது 16, இன்னும் வளர்கிற உடம்பு. 66-க்கு அடுத்தது 73 கிலோ. பல பயிற்சியாளர்கள் எடையைக் குறைத்துக் கீழ்ப்பிரிவில் இறங்கச் சொல்வார்கள், எதிராளிகள் சின்னவர்களாக இருப்பார்கள் என்று. அதற்கு நீங்கள் ஒத்துக்கொள்ளவே கூடாது. 1996 மார்ச்சில், அட்லாண்டா ஒலிம்பிக் தேர்வுக்காக எடை குறைத்துக்கொண்டிருந்த 22 வயது கொரிய ஜூடோ வீரர் ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார். அத்தனை வசதியும் மருத்துவர்களும் உள்ள நாட்டில் நடந்தது அது. இன்னொரு கொரிய வீரர் சோய் மின்-ஹோ 2003-இல் உலக சாம்பியன். அடுத்த வருடம் ஏதென்ஸில் 60 கிலோவுக்காக எடையைக் குறைத்துவிட்டு வந்து, நடுவே தசைப்பிடிப்பில் சிக்கி, வெண்கலத்தோடு திரும்ப வேண்டியதாயிற்று. பெய்ஜிங்கில் ஐந்து ஆட்டத்தையும் இப்போனில், அதாவது ஆட்டத்தை அங்கேயே முடிக்கும் முழுப் புள்ளியில் வென்று தங்கம் எடுத்தார், அது வேறு கதை. தண்ணீர் குடிக்காமல், ஸ்வெட்டர் போட்டு ஓடி, வியர்த்து எடை இறக்கும் பழக்கம் பள்ளிப் பிள்ளைகளிடமும் இருக்கிறது. உங்கள் வீட்டில் அது வேண்டாம். மேலே ஏறுவது மெதுவான வழி, ஒரு வருடம் அடி வாங்கத்தான் வேண்டும், ஆனால் சாப்பிட்டுக்கொண்டே போகக்கூடிய வழி.

இன்னொரு வழி கல்லூரி. பல்கலைக்கழக அணியில் இடம் பிடிப்பது மாநில அணியைவிடப் பெரும்பாலும் எளிது. போட்டியிடுவது அந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்களுடன் மட்டும்தான். அங்கிருந்து படிவம் 3 வரும். அதனால் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை விளையாட்டுக்கு எதிரியாகப் பார்க்காதீர்கள். விளையாட்டைத் தொடர அதுவே நுழைவுச் சீட்டு. இதை அவனிடம் சொல்லும்போது கொரியாவின் ஹோ மி-மியைக் காட்டுங்கள். ஜப்பானில் பிறந்து வளர்ந்த கொரியப் பெண். பாட்டியின் கடைசி ஆசைக்காகக் கொரியாவுக்கு ஆட வந்தவர். டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 2024-இல் அபுதாபியில் 57 கிலோ உலக சாம்பியன் ஆனார், அதே ஆண்டு பாரிஸில் ஒலிம்பிக் வெள்ளி. கொரியாவிலோ ஒரு காலத்தில் பள்ளி வீரர்கள் வகுப்புக்கே போகாமல் பயிற்சிக்கூடத்திலேயே வளர்ந்தார்கள். பதக்கம் வராதவர்கள் கையில் படிப்பும் இல்லாமல் நின்றார்கள். இப்போது அந்த நாடே பள்ளி வீரர்களுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் விதி வைத்திருக்கிறது.

தங்கமே வந்தால்கூடக் கணக்கு என்ன என்று அவன் அப்பா கேட்பார், கேட்கட்டும். கொரியாவில் ஒலிம்பிக் தங்கத்துக்கு மாதாமாதம் வாழ்நாள் ஓய்வூதியம் உண்டு: 10 லட்சம் வோன், நம் பணத்தில் சுமார் 60 ஆயிரம் ரூபாய். எத்தனை பதக்கம் வென்றாலும் மாத உச்சவரம்பு அதுதான். 2024-இல் அங்கே ஒரு சாதாரணத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 20 லட்சம் வோனுக்கு மேல். ஆகவே சாம்பியன்களும் வேலைக்குத்தான் போகிறார்கள். மூன்று முறை உலக சாம்பியனும் 1996 ஒலிம்பிக் தங்கமும் ஆன ஜியோன் கி-யங், கொரியாவின் யோங்-இன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கொரியப் பெண்களுக்கு ஜூடோவில் முதல் ஒலிம்பிக் தங்கத்தை 1992-இல் வாங்கிய கிம் மி-ஜங்கும் அங்கேதான் பேராசிரியர். பாரிஸுக்குப் பெண்கள் அணியின் பயிற்சியாளராகவும் போனார். சோங் தேசிய அணியின் பயிற்சியாளர்களில் ஒருவரானார். லண்டனில் அவருக்குப் பயிற்சித் துணையாக இருந்து தினமும் அவர் கையால் விழுந்துகொண்டிருந்த குவாக் டாங்-ஹான், 2015-இல் அதே 90 கிலோவில் உலக சாம்பியனாகி, ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் வென்றார். உங்கள் மகனுக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பிடிக்குமா என்று கவனியுங்கள். பிடிக்கும் என்றால் உடற்கல்விப் பட்டம், பிறகு பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் டிப்ளமோ என்று தெளிவான பாதை இருக்கிறது. மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் படிப்புகளையும் இப்போதே பார்த்துவையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே வாங் கி-சுன் என்ற பெயர் வந்தது. இரண்டு முறை உலக சாம்பியன், பெய்ஜிங்கில் விலா எலும்பு காயத்தோடு ஆடி வெள்ளி வென்றவர். பின்னாளில் தன் பயிற்சிக்கூடத்தில் படித்த சிறுமிகள் மீதான பாலியல் குற்றத்துக்காக அவருக்கு 6 ஆண்டு சிறைத் தண்டனை. 2021-இல் கொரிய உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கொரிய ஜூடோ சங்கம் அவரை வாழ்நாள் முழுவதும் தடைசெய்துவிட்டது. பயிற்சியாளரின் சுவரில் தொங்கும் பதக்கத்தைப் பார்த்து மட்டும் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். நீங்கள் எந்த நேரத்தில் போனாலும் உள்ளே வந்து உட்கார விடுகிறாரா, வெளியூர்ப் போட்டியில் யார் எந்த அறையில் தங்குகிறார்கள் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்கிறாரா என்று பாருங்கள். ஆண் பிள்ளைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். விளையாட்டு மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போய் அவன் வளர்ச்சியையும் முழங்கால், தோள்பட்டையையும் பார்க்கச் சொல்லி, 73 கிலோ அவன் உடம்புக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். அவர் சொன்னதை வைத்துப் பயிற்சியாளரிடம் பேசுங்கள். அவன் இதுவரை ஆடிய போட்டிகளின் சான்றிதழ்களை ஒரு கோப்பில் போட்டு, எந்தப் படிவம் எதற்குச் செல்லும் என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். பொதுத் தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் பயிற்சி காலையில் மட்டும் என்று அவனோடு உட்கார்ந்து பேசி எழுதிவையுங்கள். அந்தப் பேச்சில் அவன் அப்பாவும் இருக்கட்டும். கல்லூரி விண்ணப்பம் தொடங்கும் நேரத்தில் மூவருமாக வாருங்கள், எந்தப் பல்கலைக்கழகத்தில் ஜூடோ அணி நன்றாக இருக்கிறது என்று பட்டியல் போட்டுவிடலாம்.