மலையாள எல்லையில் இருந்துகொண்டு ஸ்பானிஷ் கற்பது எப்படி?

களியக்காவிளையில் இருக்கிறேன், ஸ்பானிஷை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பக்கத்தில் மார்த்தாண்டம்தான். சொல்கிறேன்.

முதலில் ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள். 'மே குஸ்தா எல் கஃபே' என்றால் 'எனக்குக் காபி பிடிக்கும்'. அந்த 'எனக்கு' அப்படியே அங்கே 'மே'யாக உட்கார்ந்திருக்கிறது. 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்'. நம்மைப் போலவே 'நான்' தேவையில்லை, வினையின் வால் சொல்லிவிடும்.

உச்சரிப்பிலும் நமக்கு யோகம். 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெறோ' என்றால் நாய். கரியையும் கறியையும் பிரித்துச் சொல்லும் நம் ஊர் வாய்க்கு இது பெரிய விஷயமா?

சிரமம் ஆண்பால், பெண்பாலில்தான். மேசைகூட அங்கே பெண்பால். (போர்ச்சுகீசியர் நமக்குத் தந்த சொல்தான், ஸ்பானிஷிலும் 'மேசா'.) அதனால் பெண்பாலைக் காட்டும் 'லா'வையும் சேர்த்து 'லா மேசா' என்றே மனப்பாடம் செய்யுங்கள். 'ஆ'வில் முடிந்தால் பெண்பால் என்று நம்பிவிடவும் முடியாது. நாளைக் குறிக்கும் 'தியா' ஆண்பால், அதனால் 'லா' இல்லை, ஆண்பாலுக்கான 'எல்' போட்டு 'எல் தியா'.

அப்புறம், தினம் இருபது நிமிடம் வாய்விட்டுப் பேசுங்கள். நான் திருவனந்தபுரம் பஸ்ஸில் முணுமுணுப்பேன். பக்கத்து சீட்டுக்காரர் ஜபம் என்று நினைத்துக்கொள்வார்.