ஆறாம் வகுப்புக்குச் செயினை அடகு வைக்கும் முன்

மகளை ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று என்னிடம் ஆலோசனை கேட்டு, போன சனிக்கிழமை பெரம்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா கால் டாக்ஸி ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். அப்பாவின் அண்ணனும் கூட வந்திருந்தார். ஐந்தாம் வகுப்பு முடிக்கப்போகும் மகள், அம்மாவின் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

பேசியதெல்லாம் பெரியப்பாதான். அவர் பேத்தி படிக்கிற சிபிஎஸ்இ பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்தே நீட் ஃபவுண்டேஷன் வகுப்பு நடத்துகிறார்களாம். இப்போது சேர்த்தால்தான் உண்டு, எட்டாவதில் சேர்த்தால் பிள்ளையால் ஈடுகொடுக்க முடியாது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சார், ஏழு பவுன்ல ஒரு செயின் இருக்கு. அத வச்சா முதல் வருஷம் ஓடிடும். அதுக்கப்புறம் எப்படின்னுதான் தெரியல. நாங்க பண்றது சரிதானே?"

எல்லோரும் சொல்வதைத்தான் நானும் முதலில் சொன்னேன். கவலைப்படாதீங்க, எந்தப் பள்ளியில் படித்தாலும் பிள்ளை நன்றாக வருவாள் என்றேன். பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். அதற்குமேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பள்ளிக் கட்டணம் 1,20,000 ரூபாய். ஃபவுண்டேஷன் வகுப்புக்கு 35,000. வேனுக்கு 15,000. ஆக வருஷத்துக்கு 1,70,000. அப்பாவுக்கு டீசல், வண்டித் தவணை எல்லாம் போக மாதம் 32,000 நிற்கிறது, வருஷத்துக்கு 3,84,000. அதில் பாதியை நெருங்கும் தொகை, ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளைக்கே போய்விடும். பன்னிரண்டாவது வரை ஏழு வருஷத்துக்கு, கட்டணம் ஒரு ரூபாய்கூட ஏறாது என்று வைத்துக்கொண்டாலும், 11,90,000. ஏறாமல் இருந்த பள்ளியை நான் பார்த்ததில்லை. வீட்டில் இரண்டாம் வகுப்பு படிக்கும் தம்பி வேறு இருக்கிறான்.

"இந்தக் கடன் வேண்டாம். செயினை வைக்காதீங்க" என்று நேராகவே சொன்னேன். பெரியப்பாவின் முகம் மாறியது. மாறினால் மாறட்டும். அந்தத் தவணையைக் கட்டப்போவது அவரில்லை.

பணத்தைவிட என்னை உறுத்தியது வேறொன்று. அரை மணி நேரம் பேசியிருந்தோம், அந்தப் பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உனக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று நான் கேட்டதற்கு அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒரு குறையாகச் சொன்னார்: "புக்கத் தொட மாட்டா சார். மெஷின்கிட்டயே உக்காந்திருப்பா. போன மாசம் தையல் விட்டு விட்டு விழுந்துச்சு. இவதான் பாபின் கேஸைக் கழட்டி, ஊசியால பஞ்சையெல்லாம் எடுத்துட்டு, அந்தச் சின்ன ஸ்க்ரூவை அரைச் சுத்து திருப்பி மாட்டினா. இப்ப நல்லா ஓடுது."

பத்து வயசுப் பிள்ளை. நூலின் இறுக்கம் அந்த ஸ்க்ரூவில்தான் இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "கேஸைத் தொங்கவிட்டுப் பாத்தேன். சரசரன்னு எறங்குச்சு. கொஞ்சம் கொஞ்சமா எறங்கணும்" என்றாள். அதைப் படிப்பில்லை என்று யார் சொல்ல முடியும்? இந்தப் பிள்ளையை மாலை ஆறு மணி வரை உட்கார வைத்து நாலில் ஒன்றை டிக் அடிக்கப் பழக்குவதற்கா ஏழு பவுனை அடகு வைப்பது?

அவர்கள் நினைத்தே பார்க்காத ஒரு வழியை அதற்குப் பிறகுதான் எடுத்துச் சொன்னேன். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு மாநகராட்சிப் பள்ளி இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். வாசலில் 'சென்னை பெண்கள் மேல்நிலைப் பள்ளி', 'சென்னை நடுநிலைப் பள்ளி' என்கிற மாதிரி போர்டு இருந்தால் அது பெருநகர சென்னை மாநகராட்சியின் பள்ளி. பழைய ஆட்கள் கார்ப்பரேஷன் ஸ்கூல் என்பார்கள். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் உண்டு, சில இடங்களில் தெலுங்கு, உருது வழியும் உண்டு. இதுவரை ஆங்கில வழியில் படித்த பிள்ளை ஆங்கில வழிப் பிரிவிலேயே சேரலாம். பாடநூல், நோட்டு, பை, செருப்பு, ஜியோமெட்ரி பாக்ஸ் இலவசம். பத்தாம் வகுப்பு வரை மதிய உணவு, ஐந்து நாளும் முட்டை. பதினொன்றாவதில் சைக்கிள். இதெல்லாம் பெரும்பாலான பெற்றோருக்குத் தெரிந்ததுதான். தெரியாதது இதற்கு அடுத்தது. அதை யாராவது எடுத்துச் சொல்லும்போது பிள்ளை ஏழாவதோ எட்டாவதோ போயிருக்கும்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு என்று 2020-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று மற்ற தொழிற்படிப்புகளுக்கும் அது வந்தது. இந்த இடங்களுக்குத் தரவரிசைப் பட்டியல் தனி, போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும்தான். மருத்துவத்துக்கு நீட் எழுதித் தேற வேண்டும், அதில் விலக்கு கிடையாது. பொறியியலுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும். இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற இடங்களுக்குப் போகும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் செலவையும் அரசு ஏற்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் எந்தக் கல்லூரியில் பட்டப்படிப்பு சேர்ந்தாலும், 2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து இதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் உண்டு.

கணக்கு ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். எட்டாவதில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் இந்தக் கதவு மூடிவிடும். ஒரே ஒரு விலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டம் (ஆர்.டி.இ.) ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்து எட்டாவது வரை படித்த பிள்ளை, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. அப்படிப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் எட்டாவது முடிவதற்குள் யோசித்து முடிவெடுங்கள்.

அரசுப் பள்ளி என்றால் எது என்பதிலும் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, பள்ளிக் கல்வித் துறை நேரடியாக நடத்தும் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் இந்தச் சட்டத்தின் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி 7.5-இல் வராது. நான்கு வருஷத்துக்கு முன் ஒரு பையன் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போது என்னிடம் வந்தான். உதவி பெறும் பள்ளியில் ஏழு வருஷம் படித்தவன். போர்டில் அரசு என்ற சொல் இருந்ததால் தகுதி உண்டென்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். கிடையாது என்று அவனிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் சேர்க்கும் அன்றே தலைமை ஆசிரியரிடம், "இங்கே படித்தால் 7.5-க்குச் சான்றிதழ் தருவீங்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

இன்னொரு வலை பத்தாம் வகுப்பு முடிந்ததும் விரிக்கப்படும். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளை 470, 480 என்று வாங்கினால், வெளியூர் தனியார் பள்ளிகளிலிருந்து வீட்டுக்கே ஆள் வரும். "பிளஸ் ஒன், பிளஸ் டூ முழுக்க இலவசம், ஹாஸ்டலும் இலவசம்" என்பார்கள். எல்லாம் இலவசம்தானே என்று பெற்றோரும் அனுப்பிவிடுவார்கள். அந்த இரண்டு வருஷத்தில் 7.5 போகும், புதுமைப் பெண் போகும், நாலு வருஷக் கல்லூரிக் கட்டணம் தலையில் விழும். தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

டிசி, அதாவது மாற்றுச் சான்றிதழ் விஷயத்துக்கும் பயப்பட வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறுவது, 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு தரும் உரிமை. பழைய பள்ளி உடனே டிசி கொடுத்தாக வேண்டும். அது தாமதமானாலும், அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி பிள்ளையைச் சேர்க்காமல் இருக்க முடியாது.

மாநகராட்சிப் பள்ளி என்றாலே எல்லாம் நன்றாக இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். சென்னை மாநகராட்சியின் எல்லை 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. பிறகு புறநகர்ப் பள்ளிகளும் வந்து சேர்ந்ததில் பள்ளிகளின் எண்ணிக்கை நானூற்றைத் தாண்டியது. அத்தனையும் ஒரே தரத்தில் இருக்காது. ஒரு பள்ளியில் ஆய்வகம் பளிச்சென்று இருக்கும், அடுத்த பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கும். ஆகையால் போர்டை மட்டும் பார்த்துச் சேர்க்காதீர்கள், ஒரு வேலை நாளில் நேரில் போங்கள். மதிய உணவு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போவது நல்லது. கழிவறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். பெண் குழந்தைக்கு இது பாடத்துக்குச் சமமான விஷயம். ஒன்பது, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆய்வகக் கதவில் பூட்டு தொங்கினால், கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழு எப்போது கூடியது என்பதையும் விடாதீர்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். நாளைக்கு நீங்களும் அதில் உட்காரலாம். முதல் பள்ளி திருப்தி தராவிட்டால் அடுத்த பள்ளியைப் பாருங்கள். மாநகரப் பேருந்தில் பிள்ளைக்குப் பாஸ் உண்டு, இரண்டு ஸ்டாப் தள்ளிப் போவது பெரிய விஷயமில்லை.

பிளஸ் ஒன்னில் என்னென்ன குரூப் இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். சில மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது: அடிப்படை இயந்திரப் பொறியியல், அடிப்படை மின் பொறியியல், ஆடை வடிவமைப்பு, நர்சிங் என்று. தொழிற்கல்வி எடுத்தால் இன்ஜினியரிங் போக முடியாது என்பது தவறான பேச்சு. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் அவர்களுக்கென்று தனி இடங்களே இருக்கின்றன. பிளஸ் டூ முடித்து பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. பாபின் கேஸைப் பிரித்து மாட்டுகிற பெண் நாளைக்குக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கலும் படிக்கலாம், அதே வளாகத்தில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பமும் படிக்கலாம். ஒருவேளை இரண்டுமே வேண்டாமென்று அவள் வரலாறு எடுக்கலாம். பத்து வயதில் அதை நான் முடிவு செய்யமாட்டேன், நீங்களும் செய்யக் கூடாது, பெரியப்பா செய்யவே கூடாது. 7.5 இருக்கிறதே என்பதற்காக அவளை டாக்டராக்கத் துரத்தினால், அந்த ஃபவுண்டேஷன் வகுப்பில் சேர்ப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பெரியப்பா கடைசியில் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார். "அது சோறு போடுற பள்ளிக்கூடம் சார். நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க எங்க படிச்சான்னு கேப்பாங்க."

அவர் வயதுக்கு மரியாதை கொடுத்துத்தான் பதில் சொன்னேன். ஐயா, நூறு வருஷத்துக்கு முன்னால், 1920-இல், பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளியில்தான் மதியச் சோறு போட ஆரம்பித்தார்கள். பசியோடு இருந்த பிள்ளை பள்ளிக்கு வந்தது அதனால்தான். அந்தச் சோற்றில் படித்து மேலே வந்த குடும்பங்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பெண் பார்க்க வருபவர்களுக்காக ஒரு குழந்தையின் ஏழு வருஷத்தையும் ஒரு தாயின் செயினையும் கொடுக்க நான் சம்மதிக்கமாட்டேன். அசோக் நகர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இடம் கேட்டு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஜூன் மாதத்தில் ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

அவர் பதில் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது.

அப்பா அதுவரை பேசாமலே இருந்தவர். "இங்கிலீஷ் போயிடுமோன்னுதான் சார் பயம்" என்றார். நியாயமான பயம். மிச்சமாகும் பணத்தில் மாதம் ஆயிரம் ரூபாயைப் புத்தகத்துக்கும் கிளை நூலகம் போய் வருவதற்கும் ஒதுக்குங்கள், இரவில் அரை மணி நேரம் அவள் சத்தம்போட்டு வாசிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே போதும் என்றேன். இன்னொரு மூவாயிரத்தைத் தபால் நிலையத்தில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி. சேமிப்பில் போடச் சொன்னேன். மீதியை வண்டித் தவணைக்குக் கட்டட்டும்.

கிளம்பும்போது அந்தப் பிள்ளை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்: "அந்த ஸ்கூல்ல லேப் இருந்தா, சாமானையெல்லாம் தொட விடுவாங்களா?"

எனக்குத் தெரியாது என்றேன். தலைமை ஆசிரியரிடம் நீயே கேள் என்றேன். என் மேஜையிலிருந்து ஒரு தாளை வாங்கி அந்தக் கேள்வியை எழுதி, நாலாக மடித்துப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டாள். புதன்கிழமை காலை அம்மாவும் அவளும் பள்ளியைப் பார்க்கப் போகிறார்கள்.